ஜிப்சியின் பின்பட்டைகள்

மாருதி ஜிப்சி 1985-இல் இந்தியச் சாலைக்கு வந்தது. 2019-இல் அதன் பொது விற்பனை நின்றது. இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் மாறியது, இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. பின்புற அடிப்பாகத்தின் அமைப்பு மட்டும் மாறவே இல்லை: ஏணிச் சட்டகம், அதன் கீழே இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்ஸில், இரு பக்கமும் அடுக்கடுக்கான உருக்குப் பட்டைகள். இன்று பழைய ஜிப்சியை வாங்கிக் காட்டுப் பாதைக்கு ஆயத்தம் செய்கிறவர் வீட்டு முற்றத்தில் ஜாக்கியைப் போட்டதும் கை வைப்பது பெரும்பாலும் இந்தப் பின்பட்டைகளில்தான். நோக்கம் வண்டியை உயர்த்துவது. உயர்ந்து நிற்கும் ஜிப்சிக்கு ஒரு மிடுக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கரடுமுரடான தரையில் பின்பட்டையிடம் எதிர்பார்க்க வேண்டியது நெகிழ்வு. உயரமும் நெகிழ்வும் சேர்ந்து வருவது அபூர்வம். வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய பல வேலைகளில் முன்னதைக் கூட்டினால் பின்னது குறைந்துபோகிறது. வண்டியை உயர்த்திவிட்டு, முன்பு தடுமாறிய அதே பள்ளத்தில் இன்னும் மோசமாகத் தடுமாறுகிறவர்களின் குழப்பத்துக்குக் காரணம் இதுவே.

முதலில் உயரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஜிப்சியின் தரை இடைவெளி 210 மி.மீ. இது வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள தூரம் அல்ல. ஆக்ஸிலின் நடுவே பூசணிபோல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம். அந்தக் கூடு பட்டை தாங்கும் உடலோடு சேர்ந்ததல்ல; சக்கரத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பட்டையை எவ்வளவு மாற்றினாலும் உடல்தான் உயருமே தவிர, டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை உயர்த்தும் வழி ஒன்றே, டயரின் ஆரத்தைக் கூட்டுவது. ஜிப்சியில் பரவலாகக் காணும் 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 67 செ.மீ. அதை 29 அங்குல டயராக மாற்றினால் விட்டம் 73.7 செ.மீ. ஆகும், டிஃபரன்ஷியல் 3 செ.மீ.க்குச் சற்று மேல் உயரும். பத்து செ.மீ. ‘லிஃப்ட்’ செய்த வண்டியும் செய்யாத வண்டியும் ஒரே டயரில் ஓடினால், பாதை நடுவே துருத்தி நிற்கும் கல் இரண்டின் டிஃபரன்ஷியலிலும் ஒரே இடத்தில்தான் இடிக்கும்.

அப்படியானால் பட்டையின் வேலை என்ன? கோயில் தேருக்குப் பட்டை கிடையாது, வில்வண்டிக்கு உண்டு. அதில் போலவே இதிலும் பட்டை முதலில் பாரம் தாங்குகிறது, அதிர்ச்சியை விழுங்குகிறது. ஆனால் மோட்டார் வண்டியில் அதற்கு மேலும் மூன்று பொறுப்புகள் அதன் தலையில் விழுகின்றன. ஆக்ஸில் முன்பின்னாக நகராமல் பிடித்திருப்பது ஒன்று. திருப்பத்தில் பக்கவாட்டில் நழுவாமல் காப்பது மற்றொன்று. மூன்றாவது, சக்கரத்தைச் சுழற்றும் விசைக்கு எதிர்விளைவாக ஆக்ஸில் கூடே எதிர்ப்பக்கமாகச் சுருண்டுகொள்ள முயலும்போது அதைத் தடுப்பது. சுருள் ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளில் இந்த மூன்றையும் தனித்தனி இணைப்புக் கம்பிகள் பார்த்துக்கொள்ளும். பட்டை வண்டியில் எல்லாம் ஒரே பொருளின் மேல். அதனால்தான் பட்டை வண்டி மலிவானது, எளிமையானது, எந்த ஊரிலும் பழுதுபார்க்கக்கூடியது. அதனாலேயே அதில் ஒன்றைத் தொட்டால் நான்கும் அசைகின்றன.

உயர்த்தும் வழிகளில் மிக மலிவானது கூடுதல் பட்டை சொருகுவது. ஐந்து பட்டைகள் உள்ள அடுக்கில் அதே தடிமனில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். இது பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் விறைப்பு, பட்டையின் தடிமனோடு மும்மடிக் கணக்கில் ஏறுகிறது. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு 59 சதவீதம் எகிறும். பழைய வேறு வண்டியின் பட்டையை அறுத்துப் போடுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான். அடுத்த வழி, பட்டையின் பின்முனையைச் சட்டகத்தோடு தொங்கவிடும் ஷாக்கிளை நீளமாக்குவது. இது விறைப்பைக் கூட்டாது. ஆனால் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆக்ஸிலும் சற்றே சாய்ந்து, டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். மூன்றாவது, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே உலோகக் கட்டை வைப்பது. பட்டை ஆக்ஸிலுக்கு மேலே அமர்ந்திருக்கும் பிக்கப் வண்டிகளில் இது நடக்கும். ஜிப்சியிலோ பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளிலோ பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அங்கே கட்டை வைத்தால் வண்டி உயராது, இறங்கும்!

விறைப்பு கூடினால் என்ன கெட்டுவிடும்? பயணம் கொஞ்சம் தூக்கிப்போடும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தூக்கிப்போடுவது சின்னப் பிரச்சினை. பெரியது, சக்கரம் தரையை விடுவது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்று பாதை முறுக்கும்போது, பள்ளத்துப் பக்கச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். வண்டியின் பாரத்தில் 10 செ.மீ. அமுங்கி நிற்கும் பட்டைக்கு, ஏறத்தாழ அந்தப் பத்து செ.மீ. வரைதான் கீழே தள்ளும் வலு உண்டு. விறைப்பை இரட்டித்தால் அமுக்கம் 5 செ.மீ. ஆகக் குறையும், சக்கரம் துரத்தக்கூடிய பள்ளத்தின் ஆழமும் பாதியாகும். அதற்குக் கீழே பள்ளம் இருந்தால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிரும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லை என்பதால் அதற்குப் போவது அற்பம், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே அற்பம். ஒன்று காற்றில் சுழல, மற்றொன்று அசையாமல் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி சிக்கிக்கொள்ளும் காட்சிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. விறைப்பான பட்டை போட்டு உயர்த்தியவர், டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவி வாங்கக் கிளம்புவதும் இதன் தொடர்ச்சிதான்.

விறைப்பைக் கூட்டாமல் நிறைய உயரம் தரும் வழி ஒன்று உண்டு. ஆக்ஸிலுக்குக் கீழே கட்டிய பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிக் கட்டுவது. ஜிப்சியின் உடன்பிறப்பான சுசூகி சாமுராய் வைத்திருக்கும் அமெரிக்கர்களிடம் இது மிகப் பிரபலம். ஆக்ஸில் குழாயின் விட்டமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்து 12 செ.மீ. அளவுக்கு உடல் உயரும். ஆக்ஸிலுக்கு அடியில் தொங்கிக்கொண்டு கல்லில் இடிக்கும் பட்டையும் யூ-போல்ட் தட்டும் மேலே போய்விடும். இந்த இரண்டாவது லாபம் உண்மையானது. ஆனால் இங்கேதான், ஆக்ஸில் சுருளாமல் தடுக்கும் பட்டையின் நான்காவது பொறுப்பு பழிவாங்குகிறது. எஞ்சினின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முதல் கியரிலும் லோ ரேஞ்சிலும் முப்பது மடங்காகப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 நியூட்டன் மீட்டர். பாதி பின்னால் போனால் 1500. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 150 கிலோவைத் தொங்கவிட்டு ஆக்ஸிலைத் திருகுவதற்கு இது சமம். முன்சக்கரங்கள் பிடிமானம் இழந்தால் சுமை இன்னும் ஏறும். பட்டை மேலே போனதால் தரைக்கும் பட்டைக்கும் இடையிலான நெம்புகோல் நீண்டுவிட்டது. பட்டை எஸ் வடிவில் நெளிந்து, டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கி, பிறகு விடுபட்டுத் திரும்ப அடிக்கும். ஏற்றத்தில் பின்சக்கரம் படபடவென்று குதிப்பது இதனால்தான். அந்தக் குதிப்பில் முதலில் உடைவது, எஞ்சினின் விசையை டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை இணைப்பு. இதைத் தடுக்க ஆக்ஸிலிலிருந்து சட்டகத்துக்கு ஒரு தடுப்புக் கம்பி வேண்டும். அதன் முன்முனை அசைந்து கொடுக்கும்படி தொங்கவிடப்பட வேண்டும், இல்லாவிட்டால் பட்டையின் அசைவையே அது கட்டிப்போடும்.

ஷாஃப்டின் கோணம் தனிக் கதை. 70 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்டின் ஒரு முனை 10 செ.மீ. உயர்ந்தால் கோணம் 8 பாகை கூடுகிறது. சிலுவை இணைப்பு ஒரு விசித்திரமான உறுப்பு. நேராக இருக்கும்வரை சீராகச் சுழலும். வளைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை முந்தியும் இரு முறை பிந்தியும் ஓடும். 8 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சதவீதம்தான். 20 பாகையில் 6 சதவீதத்துக்கு மேல். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே உயரத்தைவிட, இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. அந்தச் சமநிலை கெட்டால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ அறுபது தடவை அதிரும். ஆக்ஸிலின் பட்டை இருக்கையை வெட்டி, சரியான சாய்வில் மறுபடி பற்றவைப்பதுதான் தீர்வு. அது முற்றத்தில் அளவுநாடாவை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

உயர்த்துகிறவர்கள் மறப்பவை இன்னும் சில. ஷாக் அப்சார்பர் குட்டையாகிப்போனால் அதுவே சக்கரத்தின் இறக்கத்துக்குத் தடையாகி, தன் முனைகளைப் பிய்த்துக்கொள்ளும். ஆக்ஸிலுக்குச் செல்லும் பிரேக் குழாய் இழுபடும். பல வண்டிகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. உடலுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் அது சுமையைக் கணிக்கிறது. உடலை உயர்த்திவிட்டு அதன் கம்பியைத் திருத்தாமல் விட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக நினைத்துப் பின்பிரேக்கின் பலத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். பிறகு கவிழ்வது பற்றிய கணக்கு. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.3 மீட்டர், ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரத்தில் என்று கொண்டால், வண்டி பக்கவாட்டில் கோட்பாட்டளவில் 45 பாகை வரை சாயலாம். மையம் 10 செ.மீ. ஏறினால் 41 பாகைதான். தாளில் நான்கு பாகை சிறியதாகத் தெரியும். பக்கச்சரிவில் ஒரு சக்கரம் கல்லேறும்போது அந்த நான்கு பாகைதான் மிச்சமிருக்கும். சாமுராய் எளிதில் கவிழ்கிறது என்று 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எழுதியதும், சுசூகி வழக்குத் தொடுத்ததும், 2004-இல் அது சமரசத்தில் முடிந்ததும் வாகன உலகில் பிரசித்தம். யார் சொன்னது சரி என்பது இங்கே வேண்டாம். அந்தச் சண்டை நடந்தது நிறுவனம் விற்ற உயரத்தைப் பற்றியே.

இதற்கெல்லாம் எதிர்வாதம் இருக்கிறது, அதுவும் வலுவானது. டிஃபரன்ஷியல் உயராவிட்டால் போகட்டும், வண்டியின் வயிறு மேட்டில் தட்டுகிறதே, அதற்கு உயரம் வேண்டாமா? வேண்டும். ஜிப்சியின் சக்கர இடைத்தூரம் 2375 மி.மீ.; வயிறு தரையிலிருந்து 30 செ.மீ. என்று கொண்டால், அது தட்டாமல் கடக்கும் மேட்டின் கோணம் 28 பாகை அளவில் வரும். ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் நான்கு பாகைக்குச் சற்று மேல் கூடும். முதல் 5 செ.மீ.க்கு இந்த லாபம் நியாயமான விலையில் கிடைக்கிறது. ஷாஃப்ட், பிரேக் குழாய், ஷாக் எல்லாம் அநேகமாகத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் செல்லும் ஒவ்வொரு செ.மீ.க்கும் மேலே சொன்ன கடன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலுக்கு வரும். குட்டையான ஜிப்சிக்கு இயல்பிலேயே இந்தக் கோணம் தாராளம். நீள வண்டிக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து ஜிப்சிக்காரர் பயப்படத் தேவையில்லை.

இன்னொரு எதிர்வாதம் நம் மலைகளிலிருந்து வருகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும், போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் விறைப்பான பட்டைகளோடு நாள்தோறும் ஓடவில்லையா? ஓடுகின்றன, சரியாகவே ஓடுகின்றன. ஏனென்றால் அவை வெறுமையாக ஓடுவதில்லை. எட்டுப் பத்துப் பேர் ஏறும்போது அரை டன்னுக்கு மேல் சேர்கிறது. அந்தப் பாரத்தில் விறைப்பான பட்டையும் போதுமான அளவு அமுங்கி, சக்கரத்துக்குக் கீழிறங்க இடம் கொடுக்கிறது. ஓட்டுநரும் நண்பரும் ஒரு கூடாரமும் மட்டும் ஏறும் வாரயிறுதி ஜிப்சிக்கு அதே பட்டையைப் போட்டால் அது அசையாத உத்திரம். ஆகவே பட்டையைத் தேர்வதற்கு முன் வண்டியை எடைபோட வேண்டும், வழக்கமாக ஏற்றும் சுமையோடு, பின் ஆக்ஸிலை மட்டும் மேடையில் நிறுத்தி. இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. எடைமேடை இல்லாத ஊர் கிடையாது.

நெகிழ்வை எப்படிக் கூட்டுவது? பட்டையை நீட்டுவது சிறந்த வழி. நீளம் 15 சதவீதம் கூடினால், மும்மடிக் கணக்கில் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாமுராய்க்காரர்கள் சிலர் ஜீப் ராங்ளரின் நீளமான பட்டைகளைத் தேடிப்போவது இதற்காகத்தான். ஆனால் அதற்குச் சட்டகத்தில் புதிய தாங்கிகள் பற்றவைக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது இதைவிட எளிமையானது, பலன் எதிர்பார்ப்பதைவிட அதிகம். பழைய அடுக்கில் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகியிருக்கும். உராய்வு தாண்டப்படும்வரை அடுக்கு மொத்தமும் ஒரே தடித்த பட்டையாக நடந்துகொள்ளும். அடுக்கைப் பிரித்து, துருவைச் சுரண்டி, பட்டை நுனிகளின் கூரிய விளிம்பை உருட்டி, நுனிகளுக்கு இடையே வழுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்து, கண்களில் தேய்ந்த புஷ்களை மாற்றினால், ஒரு மில்லிமீட்டர் உயர்த்தாமலேயே வண்டி வேறாகிவிடும். எடைக் கணக்கு அனுமதித்தால், அடியில் கடும் சுமைக்கென்று இருக்கும் தடித்த பட்டையை எடுத்துவிடலாம். மேலிருந்து இரண்டாவது பட்டையில் மட்டும் கை வைக்கக் கூடாது. மெயின் பட்டை முறிந்தால் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அதோடு, புதிய இறக்கத்துக்குப் போதுமான நீளமுள்ள ஷாக்கும், டயர் மேலேறிப் போய் உடலில் உரசாதபடி சரியான உயரத்தில் ரப்பர் தடுப்பும் வேண்டும்.

எந்த நிலையிலும் பட்டையில் வெல்டிங் பொறியோ எரிவாயுச் சுடரோ படலாகாது. பட்டை சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்த்த உருக்கு. ஓரிடத்தில் சிவக்கச் சுட்டால் அங்கே பதம் போய்விடும், பிறகு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தளர்ந்த பட்டைக்கு வளைவேற்றித் தரும் பட்டறைகள் உண்டு. மறுபடி பதம் ஏற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

பட்டையைத் தூக்கியெறிந்து சுருள் ஸ்பிரிங் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி இறுதியில் வரும். 1970-இல் ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களிலும் சுருள் ஸ்பிரிங்கோடு, நீண்ட அசைவுள்ள ஒற்றை ஆக்ஸில்களோடு வந்தபோதே நெகிழ்வுதான் வெல்லும் என்பது நிரூபணமாகிவிட்டது. 1998-இன் ஜிம்னியும் 2020-இன் புதிய தாரும் பின்பக்கம் சுருளோடே வந்தன. ஆனால் அங்கே ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை இணைப்புக் கம்பிகள். கம்பிகளின் நீளமும் கோணமும் சேர்ந்தே, வேகமெடுக்கும்போது வண்டி பின்னால் குந்துமா, திருப்பத்தில் பின்சக்கரம் தானாகத் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதை முற்றத்தில் ஊகித்துப் பற்றவைப்பவர், நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவரின் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார். பந்தயத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வேறு நியாயம் இருக்கலாம். சட்டமும் இதே பக்கம்தான். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பட்டையைப் பிரித்துத் துடைத்து, அதே அளவில் புதுப்பித்துப் பூட்டுவதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

பிரிக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சட்டகத்தின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் கொடுத்து, ஆக்ஸிலைத் தனியாகத் தாங்கி, பட்டையின் விசை முழுதும் தளர்ந்த பிறகே யூ-போல்ட்டைக் கழற்ற வேண்டும். அடுக்கின் சென்டர் போல்ட்டை எடுப்பதற்குமுன் இரு பக்கமும் கிளாம்ப் போடாவிட்டால் பட்டைகள் வெடித்துப் பிரியும். கழற்றிய யூ-போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் பூட்டாமல் புதிது வாங்க வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

செய்த வேலை பலித்ததா என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை, அதற்கு அளவுகோல் உண்டு. 20 பாகைச் சாய்வுள்ள மேடையில் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் மெல்ல ஏற்ற வேண்டும். மற்ற மூன்றில் ஏதாவதொன்று தரையை விடும் கணத்தில் நிறுத்தி, சாய்வில் ஏறிய தூரத்தை அளக்க வேண்டும். அதைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் வண்டியின் நெகிழ்வு எண் கிடைக்கும். ஜிப்சி 1.2 மீட்டர் ஏறினால் எண் 505. பட்டையைப் பிரிப்பதற்குமுன் ஒரு முறையும் பூட்டிய பின் ஒரு முறையும், அதே டயர், அதே காற்றழுத்தம், அதே சுமையில் அளந்தால் போதும். எண் ஏறாமல் உடல் மட்டும் உயர்ந்திருந்தால், செலவான பணம் பார்வைக்குத்தான் போயிருக்கிறது.